உமிழ்நீர்ச் சுரப்பியும் முறிந்த குரோமோசோமும்

சென்ற வாரம் கண்ட வாய்ப் புற்றுநோயில், புகையிலையும் பாக்கும் ஆண்டுக்கணக்கில் விளைவித்த மரபணுச் சேதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த பிறகே உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுகின்றன. அதே வாயை ஈரமாக வைத்திருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் அரிய புற்றுநோய்கள் பலவற்றில் இத்தகைய குவியல் இல்லை. இரு குரோமோசோம்கள் முறிந்து, முறிந்த துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதே அவற்றுக்கு முதன்மைக் காரணமாகிறது. ஒட்டிய இடத்தில் இரு மரபணுக்களின் பகுதிகள் சேர்ந்து உண்டாவதை இணைவு மரபணு என்பர். இது ஏதோ ஓர் உயிரணுவில் வாழ்நாளின் இடையில் நேர்வது என்பதால், பெற்றோரிடமிருந்து வருவதும் இல்லை, பிள்ளைகளுக்குச் செல்வதும் இல்லை.

காதுமடலுக்கு முன்னே உள்ள பரோடிட் சுரப்பியில் வளரும் சில கட்டிகள் நெடுங்காலம் அசினிக் செல் புற்றுநோய் என்றே எழுதப்பட்டு வந்தன. அந்நோய்க்குரிய கருநீலத் துகள்கள் அவற்றின் உயிரணுக்களில் இல்லை என்பதையும், இடைவெளிகளில் இளஞ்சிவப்புச் சுரப்பு தேங்கியிருக்கும் தோற்றம் மார்பகத்தின் ஓர் அரிய புற்றுநோயை ஒத்திருப்பதையும் கவனித்த செக் நாட்டு நோய்க்குறியியலாளர் அலேனா ஸ்காலோவாவும் அவருடைய குழுவினரும், 12ஆம் குரோமோசோமின் இ.டி.வி.6 மரபணு 15ஆம் குரோமோசோமின் என்.டி.ஆர்.கே.3 மரபணுவோடு இணைந்திருப்பதை 2010இல் காட்டி, இதனைத் தனி நோயாகப் பிரித்தனர். ஆய்வகத்தில் இதைக் காணும் முறை எளிமையானது: இ.டி.வி.6இன் இருபுறமும் சிவப்பு, பச்சை ஒளிர்சாயங்களை ஏற்றினால், மரபணு முழுமையாக உள்ள இடத்தில் இரண்டும் கலந்து மஞ்சளாகத் தெரியும். முறிந்திருந்தால் சிவப்பும் பச்சையும் விலகி நிற்கும்.

என்.டி.ஆர்.கே.3 உருவாக்கும் புரதம் இயல்பில் நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து தொடும்போது மட்டும் இணை சேர்ந்து கட்டளை பிறப்பிப்பது. இ.டி.வி.6இன் தலைப்பகுதிக்கோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே இயல்பு. ஆகவே இணைவுப் புரதங்கள் யாரும் அழைக்காமலே சேர்ந்து, பெருகுக என்ற கட்டளையை ஓயாது அனுப்புகின்றன. இதே இணைவு கைக்குழந்தைகளின் ஃபைப்ரோசார்கோமாவிலும் உண்டு. உறுப்பைப் பாராமல் இணைவைப் பார்த்துத் தரப்படும் லாரோட்ரெக்டினிப் மருந்து, 55 நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குக் கட்டியைக் கணிசமாகச் சுருக்கியது. அந்த 55 பேரில் 12 பேர் உமிழ்நீர்ச் சுரப்பி நோயாளிகள். 2018 நவம்பரில் அமெரிக்கா இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

இணைவைக் கண்டுபிடித்தால் மருந்தும் கிடைத்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் மற்றொரு நோயான அடினாய்டு சிஸ்டிக் புற்றுநோயில் 6ஆம் குரோமோசோமின் எம்.ஒய்.பி.யும் 9ஆம் குரோமோசோமின் என்.எஃப்.ஐ.பி.யும் இணைவதை, ஸ்வீடனின் யோரான் ஸ்டென்மன் குழுவினர் 2009லேயே வெளியிட்டனர். ஆனால் எம்.ஒய்.பி. புரதம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு பிற மரபணுக்களை இயக்குவது, என்.டி.ஆர்.கே. புரதத்தில் மருந்து சென்று அமர்ந்து அடைக்கும் குழி போன்ற இடம் இதில் இல்லை. நரம்புகளின் உறையை ஒட்டியே ஊர்ந்து செல்லும் இந்நோய், அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அடங்கியதுபோல் இருந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டுவதுண்டு.

(தொடரும்)