காசிமேட்டு இறாலும் கடைவாய்ப் பல்லும்!

இறால் தொக்குன்னா உயிரா? சரி, அந்த இறாலோட ஓட்டை என்ன செய்வீங்க? குப்பையிலதானே போடுவீங்க! அந்தக் குப்பையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளைத்தான், சொத்தைப் பல்லை அடைக்கிற சிமென்ட்டில் கலந்து பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக்கொண்டு இருக்கிறார்கள். ‘இன்னா மாமே, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற?’ என்று ராயபுரம் பாஷையில் நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆனால், முடிச்சு கெட்டியாகத்தான் இருக்கு பாஸ்!

ஓட்டுக்குள்ளே ஒரு பாலிமர்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் களைகட்டும்போது எல்லோர் கண்ணும் இறால் சதை மேலேதான். ஆனால், ஒரு இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி, தலையும் ஓடுமாகக் கழிந்துபோகிறது. அந்த ஓட்டில் முக்கியமாக மூன்று சமாசாரங்கள்: கால்சியம் கார்பனேட் என்கிற சுண்ணாம்பு, புரோட்டீன், அப்புறம் நம்ம ஹீரோ கைட்டின். மரத்திலும் பஞ்சிலும் இருக்கும் செல்லுலோஸுக்கு இவர் ஒன்றுவிட்ட தம்பி. 1811-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பிராக்கன்னோ இதை முதன்முதலில் பார்த்தது இறாலில் இல்லை, காளானில்!

ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். நீர்த்த காஸ்டிக் சோடாவில் போட்டால் புரோட்டீன் கழன்றுவிடும். மிச்சம் இருப்பது கைட்டின். அதை அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் சூடுபடுத்தினால் அசிட்டைல் குழுக்கள் விலகி, அமினோ குழுக்கள் தலைகாட்டும். அவ்வளவுதான், கைட்டோசான் ரெடி! இறால் ஓட்டிலிருந்து இதைத் தயாரிக்கும் முறையை கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ உருவாக்கிவிட்டது. ஸோ, இது நம்மூருக்குப் புதுசு இல்லை.

பல்லுக்குள்ளே என்ன வேலை?

தாத்தா காலத்திலிருந்து கடைவாய்ப் பல்லை அடைக்கப் பயன்பட்டது அமால்கம். ‘வெள்ளி வெச்சு அடைச்சாங்க’ என்று வீட்டில் சொல்வார்களே, அதேதான். அதில் கிட்டத்தட்ட பாதி பாதரசம்! பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் உறுதி செய்தது. ஐரோப்பிய யூனியனோ 2025 ஜனவரி 1 முதல் பல் அமால்கமுக்கு ஏறக்குறைய ‘குட்பை’ சொல்லிவிட்டது.

மாற்று என்ன? முக்கியமான ஒன்று, 1972-ல் இங்கிலாந்தின் வில்சன், கென்ட் ஜோடி அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர் சிமென்ட். கண்ணாடித் தூளும் பாலி அக்ரிலிக் அமிலமும் சேர்ந்த கலவை. பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடையும் கசியவிடும். டிரில் மெஷின் இல்லாமல், கரன்ட்டே இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு இதை வைத்து அடைக்கலாம். 1980-களில் டான்சானியாவில் தொடங்கிய இந்த முறை, பல் டாக்டரைப் பார்க்க வசதியில்லாத மக்களுக்குப் பெரிய வரப்பிரசாதம்.

வீக் பாயின்ட்டும் உண்டு. முறுக்கு கடிக்கிற அழுத்தத்தைத் தாங்குவதில் கொஞ்சம் சோப்ளாங்கி! விரிசல் விட்டால், அதன் ஓரமாக பாக்டீரியா மறுபடியும் குடியேறிவிடும். இங்கேதான் கைட்டோசான் என்ட்ரி.

சொத்தைக்கு முக்கிய வில்லன், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். நாம் தின்கிற சர்க்கரையை அமிலமாக்கி, பல்லைக் கரைக்கிற கில்லாடி. வாயில் அமிலம் கூடும்போது கைட்டோசானின் அமினோ குழுக்கள் பாசிட்டிவ் சார்ஜ் ஏறி நிற்கும். பாக்டீரியாவின் மேற்பரப்போ நெகட்டிவ். ஒட்டிக்கொண்டு, அதன் சுவரையே குலைத்துவிடும். அதாவது வில்லன் விடும் அமிலமே ஹீரோவை உசுப்பிவிடுகிறது!

பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இந்த சிமென்ட்டில் துளியூண்டு கைட்டோசான் சேர்த்ததும் வளைவைத் தாங்கும் வலிமையும் ஃப்ளோரைடு கசிவும் கூடின. ஆனால், அளவு கூடினால் வலிமை இறங்கிவிடும். சமையலில் உப்பு மாதிரி! அதோடு, இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை ஆய்வகச் சோதனைகள். வருஷக்கணக்கில் மென்று பார்த்துப் பாஸாகிறவரை ‘இறால் சிமென்ட்’ என்று போர்டு மாட்ட முடியாது.

ஆனால், வேறு வேடத்தில் கைட்டோசான் ஏற்கெனவே களத்தில் இருக்கிறது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க வீரர்களின் ரத்தப்போக்கை நிறுத்தியது கைட்டோசான் கட்டு. அதே சரக்கு, பல் பிடுங்கிய இடத்தில் வைக்கும் கட்டாகவும் வந்துவிட்டது.

பழைய சொந்தக்காரங்க!

* வேர் சிகிச்சையில் பல்லின் வேருக்குள் அடைக்கிற கட்டா பெர்ச்சா, மலேயா காட்டு மரத்தின் பால். ரப்பரின் அண்ணன் தம்பி. 1867-லிருந்தே வேருக்குள் வேலை பார்க்கிறது. 1870-ல் மெட்ராஸிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு மேலுறையும் இதே ஆசாமிதான்!

* பல் அளவெடுக்க வாயில் வைக்கிற கூழ், ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகார் வரத்து நின்றதும் இதற்கு யோகம் அடித்தது. இந்தப் பாசிகள் நம்ம மண்டபம், ராமேஸ்வரம் கடலிலும் வளர்கின்றன.

எண்ணூர் கேட்கிற கேள்வி

‘இயற்கைப் பொருள்’ என்று லேபிள் ஒட்டுவது சுலபம். ஆனால், ஓட்டைக் கைட்டோசான் ஆக்க அமிலமும் காஸ்டிக்கும் வேண்டும். நிறைய தண்ணீர் வேண்டும். அந்தக் கழிவு நீர் எங்கே போகும்? மணலியும் எண்ணூரும் பட்டது போதாதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, வலையும் படகும் கருத்துப்போய் மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் நின்றார்களே!

இதில் இன்னொரு சிக்கல். உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கைட்டோசான் கெட்டிக்காரன். கழிவுநீரைச் சுத்தம் செய்யவே அதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால், மாசுபட்ட தண்ணீரில் வளர்ந்த இறாலின் ஓட்டை அப்படியே நம்பி வாயில் வைக்க முடியுமா? மருத்துவத் தரம் வேண்டுமென்றால் முதலில் கழிமுகம் சுத்தமாக இருக்க வேண்டும். ஓடு நல்லா இருந்தாத்தான் பல்லு நல்லா இருக்கும்!

வழியே இல்லையா? இருக்கு. அமிலத்துக்குப் பதிலாக லாக்டிக் அமில பாக்டீரியாவை வைத்து ஓட்டைப் புளிக்கவைக்கும் முறை ஆய்வில் இருக்கிறது. நம்ம இட்லி மாவு டெக்னிக்தான்! காளானிலிருந்து கைட்டோசான் எடுக்கிறவர்களும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஓட்டுக்கு எங்கே போவது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கெமிக்கல், பயோடெக், மெக்கானிக்கல் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி சீனியரின் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டுகிறீர்களா? கொஞ்சம் காசிமேடு பக்கம் வாங்க. 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஓடு இங்கே, டாக்டர் அங்கே. நடுவில் ஒரு இன்ஜினீயர்தான் மிஸ்ஸிங். அப்படி ஒருத்தர் வந்தால், இறால் உரித்துத் தருகிற அக்காக்களுக்கு ஓட்டுக்கும் ஒரு விலை கிடைக்கிற மாதிரி கணக்குப் போடுங்க. அதுதான் கெத்து!