உங்களுக்குத் தெரியுமா? சந்தா கட்டியும் விளம்பரம் ஏன்?

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் டிவி தயாராகிறது. ஷிப்ட் முடிந்து ஒரகடம் வாடகை வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளி, மாதாமாதம் பணம் கட்டித்தான் டிவி பார்க்கிறார். பிறகும் விளம்பரம் ஏன்?

கட்டும் தொகையில் ஒரு பங்கு இணைப்புக் கட்டணம். அது கேபிள், டிடிஎச் நிறுவனங்களுக்கே. இலவச சேனல்களுக்கு அதில் ஒரு பைசாகூடக் கிடையாது. கட்டண சேனலின் விலையிலும் குறைந்தது 20 சதவீதம் விநியோகிப்பவருக்குப் போய்விடும். தொகுப்பில் இடம்பெறும் சேனலுக்கு மாதம் 19 ரூபாய்தான் உச்சவரம்பு என 2022-இல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயித்தது. மீதிச் செலவை விளம்பரம் ஈடுகட்டுகிறது.

கேபிள் டிவி விதிகள் மணிக்கு 12 நிமிட விளம்பரத்தையே அனுமதிக்கின்றன. சேனலின் சுயவிளம்பரமும் அதற்குள் அடக்கம். கட்டண சேனலுக்கும் அதே 12 நிமிடம்தான் என்பது, பணம் கட்டுபவருக்கு நியாயமே இல்லை.