இழுவை வேலைக்கு டீசலா, பெட்ரோலா?
அமெரிக்கப் பண்ணையாளர்களின் அனுபவம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் புல்வெளி மாகாணங்களில், நம்மவர் வீடுகளில் முன்பு வண்டியும் காளை ஜோடியும் வகித்த ஸ்தானத்தைப் பிக்கப் லாரி வகித்து வருகிறது. முன்னே மனிதர் அமரும் அறை, பின்னே திறந்த பெட்டி, அதற்கும் பின்னே மாட்டப்பட்ட டிரெயிலர். கன்றுகாலிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லுவதும், வைக்கோல் உருளைகளைப் புலம் விட்டுப் புலம் மாற்றுவதும், டிராக்டரையே தூரத்து நிலத்திற்கு ஏற்றிப் போவதும் இதனாலேயே நடைபெறுகின்றன. டிரெயிலரும் சரக்கும் சேர்ந்து 12,000 ராத்தல், அதாவது சுமார் ஐந்தரை டன், இருப்பது அங்கே சாதாரணம்.

இந்த லாரியில் எந்த எஞ்சின் இருக்க வேண்டும் என்னும் கேள்வி அந்நாட்டில் சுமார் நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. டீசலுக்கு மாறியவர்களில் பலர் அண்மையில் பெட்ரோலுக்குத் திரும்பியுள்ளனர்; வேறு பலர் பெட்ரோலை விட்டு டீசலுக்குப் போகின்றனர். இருசாராரிலும் லாபமடைந்தோர் உண்டு, கையைச் சுட்டுக்கொண்டோரும் உண்டு. எத்தனை மைல் பாரத்தோடு ஓடுகிறது, எத்தனை மைல் வெறுமனே ஓடுகிறது என்பதை முதலில் கணக்கிடாமல், அண்டை வீட்டாரின் வண்டியைப் பார்த்து மாறியவர்களே பெரும்பாலும் நஷ்டமடைந்தவர்கள்.

டீசல் எஞ்சின் வேலை செய்யும் விதம் கிணற்றடியில் டீசல் பம்பு வைத்திருப்பவருக்குப் புதிதன்று. உருளைக்குள் காற்று மாத்திரம் இழுக்கப்பட்டு, சுமார் பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. அதனால் காற்று மிகுந்த சூடு அடைய, அதில் பீச்சப்படும் எண்ணெய் பொறியின்றித் தானே பற்றிக் கொள்ளுகிறது. பெட்ரோல் எஞ்சினில் இவ்வமுக்கம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கோடு நிற்கும். பற்றவைக்கப் பொறியும் வேண்டும். லாரிகளிலுள்ள டீசல் எஞ்சின்களில், வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் டர்போ என்னும் விசிறியும் உண்டு. மேலும், ஒரு காலன் டீசலில் ஒரு காலன் பெட்ரோலைவிட ஏழில் ஒரு பங்கு அதிக வெப்பசக்தி அடங்கியிருக்கிறது. ஆகவே மெதுவாகச் சுழலும்போதே டீசல் எஞ்சின் பெரும் முறுக்கு விசையைத் தருகிறது.

2020-ஆம் ஆண்டு போர்டு கம்பெனியார் தங்கள் பெரிய பிக்கப்பில் இருவகை எஞ்சின்களையும் அமைத்து விற்றனர். 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 430 குதிரைச்சக்தி, 6.7 லிட்டர் டீசலுக்கு 475. வித்தியாசம் பத்தில் ஒரு பங்கே. முறுக்கு விசையிலோ பெட்ரோலுக்கு 475 ராத்தல்-அடி, டீசலுக்கு 1,050. அதுவும் டீசல் இதை நிமிஷத்திற்கு 1,600 சுற்றிலேயே தருகிறது. பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றுக்கு ஏற வேண்டும். இதைக் கண்டு டீசல் இரு மடங்கு பாரம் இழுக்கும் என்று எண்ணுவது பிழை. கியர்ப் பெட்டி முறுக்கு விசையைப் பெருக்கித் தரும். மேட்டில் எவ்வளவு வேகமாக ஏறலாம் என்பதைக் குதிரைச்சக்தியே தீர்மானிக்கும். பெட்ரோல் வண்டியும் ஏறும். ஆனால் இரைச்சலோடும் அதிகச் சுழற்சியோடும் ஏறும். டீசலில் பழகியவர் முதல்முறை அவ்விரைச்சலைக் கேட்டு யந்திரம் உடையப் போகிறதென்று பயந்து காலை எடுத்துவிடுகிறார். அது கோளாறு அன்று, அந்த எஞ்சினின் சுபாவமே.

மலைப் பிரதேசத்தில் மாத்திரம் வித்தியாசம் மெய்யாகவே பெரிது. கொலராடோ மாகாணத்தில் 70-ஆம் எண் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தின் வழியே மலைத்தொடரைக் கடக்கிறது. அவ்விடத்தின் உயரம் 11,158 அடி. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் நூற்றுக்கு மூன்று வீதம் சக்தி இழக்கும். ஆகவே 430 குதிரைச்சக்தி அங்கே 300-க்கு அருகில் வந்துவிடும். டர்போ உள்ள டீசலுக்கு இந்த இழப்பு சொற்பமே.

ஏற்றத்தில் தாமதந்தான், இறக்கத்திலோ உயிர்ச்சேதம். பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழியை அடைக்கும் கதவு ஒன்று உண்டு. காலை எடுத்ததும் அது மூடி, எஞ்சினே ஓரளவு வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலில் அவ்விதம் பிடிப்பு இல்லாமையால், புகைவழியை நெருக்கி எஞ்சினைத் தடுக்கும் பிரேக்கை இப்போது தொழிற்சாலையிலேயே அமைத்து வருகின்றனர். இதன் பலம் பெட்ரோல் எஞ்சினின் பிடிப்பைவிட மிகவும் அதிகம். ஆகவே டீசலிலிருந்து பெட்ரோலுக்கு மாறியவர் பழைய வழக்கப்படியே மலை உச்சியிலிருந்து இறங்கினால், வண்டி நினைத்ததைவிட வேகமாய் ஓடும். சக்கரப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வர, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். டிரெயிலரில் கால்நடைகள் இருந்தால் அவை முன்னும் பின்னும் நகர்ந்து பாரமும் அசையும். உச்சியிலேயே, வேகம் பிடிக்குமுன், கீழ்க் கியருக்கு வருவதும், டிரெயிலரின் மின்சாரப் பிரேக்கைப் புறப்படுமுன் சோதிப்பதும் இவ்வாறு மாறுவோர் புதிதாகக் கற்க வேண்டிய பாடங்கள்.

பிக்கப்பில் டீசல் வந்த வரலாறு நேர்கோடாக இல்லை. 1978-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் லாரியில் வைத்த ஓல்ட்ஸ்மொபைல் டீசலில் மூடியின் ஆணிகள் அமுக்கத்தைத் தாங்கவில்லை. எண்ணெயிலுள்ள நீரைப் பிரிக்கும் சாதனமும் அதில் இல்லை. டீசல் என்றாலே அந்நாட்டார் முகம் சுளிக்க அது ஒரு காரணமாயிற்று. 1983-இல் போர்டு, டிராக்டர் செய்து பேர்பெற்ற இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் டீசலை வாங்கி அமைத்தது. பண்ணையாளர் மனத்தை மாற்றியது 1989-இல் டாட்ஜ் லாரியில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின். அதற்கு 160 குதிரைச்சக்தியே. ஆனால் முறுக்கு விசை 400 ராத்தல்-அடி. உறுப்புகள் குறைவு, அமைப்பு எளிது. பழுது பார்ப்பதும் சுலபம். அந்நாளைய எஞ்சின்கள் சில இன்றும் ஓடுகின்றன.

பின்னர் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. 2007 முதல் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், 2010 முதல் பெரும்பாலானவற்றில் யூரியாக் கரைசலைப் பீச்சும் சாதனமும் சேர்ந்தன. காற்று சுத்தமானது மெய். கூடவே செலவும் பழுதும் வந்தன. புகைக்கரி வடிகட்டி நிறையும்போது, வெளியேறும் புகையைப் பெருஞ்சூட்டுக்கு ஏற்றி அக்கரி எரிக்கப்பட வேண்டும். பாரத்தோடு நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இது தானே நடந்துவிடும். வீட்டிலிருந்து கொட்டகைக்கும் கொட்டகையிலிருந்து கடைக்கும் ஓடும் வண்டியிலும், மணிக்கணக்காக நின்றபடி ஓடவிடப்படும் வண்டியிலும் நடவாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அவ்வாறு எரியும் சமயத்தில் காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பற்றவும் கூடும். யூரியாக் கரைசல் நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு தூய யூரியா கலந்தது. வயலுக்கு இடும் உரத்தைக் கரைத்து ஊற்றி மிச்சம் பிடிக்க நினைப்பது சாதனத்தையே பாழாக்கும்.

இனிப் பணக்கணக்கு. டீசல் எஞ்சின் வேண்டுமானால் புதிய லாரியின் விலையில் ஏறக்குறைய 10,000 டாலர் கூடுகிறது. பெரிய பாரம் இழுக்கையில் டீசல் ஒரு காலனுக்கு 12 மைல், பெட்ரோல் 8 மைல் ஓடுவதாகவும், டீசல் காலன் 3.75 டாலர், பெட்ரோல் 3 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். (அமெரிக்கக் காலன் மூன்றே முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். 2004-இன் பிற்பகுதி முதல் அந்நாட்டில் பெரும்பாலும் டீசலுக்கே விலை அதிகமாக இருந்து வருகிறது.) பாரத்தோடு வருஷத்திற்கு 12,000 மைல் ஓடினால் பெட்ரோலுக்கு 4,500 டாலர், டீசலுக்கு 3,750, மிச்சம் 750. அதிகம் கொடுத்த பத்தாயிரம் திரும்பப் பதின்மூன்று ஆண்டுகள் செல்லும். 30,000 மைல் ஓடுபவருக்கு வருஷ மிச்சம் 1,875 டாலர். ஐந்தரை ஆண்டிற்குள் திரும்பிவிடும். எஞ்சின் எண்ணெயும் வடிகட்டிகளும் டீசலுக்கு அதிகம் வேண்டும் என்பதை இதில் கழிக்க வேண்டும். பழைய டீசல் வண்டி நல்ல விலைக்குப் போகும் என்பதைக் கூட்டவும் வேண்டும். வருஷத்தில் நான்கைந்து தடவை மாத்திரம் கன்றுகாலி ஏற்றுபவர் கணக்கு பெட்ரோல் பக்கமே சாயும்.

கணக்கிட்டபின்னும் பலர் தவறுவது பாரத்திலேயே. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு ராத்தல் கனம். வண்டியின் மொத்த எடைக்கு விதித்த வரம்பு பெரும்பாலும் ஒன்றேயாகையால், எஞ்சின் கனத்த அளவுக்குச் சுமக்கும் சக்தி குறைகிறது. பெட்டியின் நடுவே கொக்கி வைத்து மாட்டும் டிரெயிலரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு லாரியின் முதுகிலேயே விழும். 14,000 ராத்தல் டிரெயிலருக்கு அது 2,800. முக்கால் டன் வகுப்பிலுள்ள டீசல் லாரிகள் சிலவற்றிற்கு, அதற்குள் அமரும் மனிதரையும் சேர்த்துச் சுமக்க அனுமதித்தது 2,500-க்குள்ளேயே இருக்கிறது. ‘இருபதினாயிரம் இழுக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பாமல், ஓட்டுபவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டைப் படிக்க வேண்டும்.

மாறியபின் முதல் சில மாதங்களில் நேரும் பெருநஷ்டம் எண்ணெய் நிலையத்தில் நேருகிறது. பெட்ரோல் ஊற்றும் குழாயின் மூக்கு சிறியது. டீசல் தொட்டியின் வாயில் தாராளமாக நுழையும். பச்சைக் கைப்பிடி டீசலுக்கு என்பது பொது வழக்கமாயினும், சில நிலையங்களில் பச்சை பெட்ரோலுக்கே இருப்பதுண்டு. டீசலின் வழவழப்பைக் கொண்டே உயரமுக்கப் பம்பு தேயாமல் ஓடுகிறது. பெட்ரோல் கலந்தால் அது தேய்ந்து, இரும்புத் துகள்கள் எஞ்சின் வரை பரவிவிடும். பல ஆயிரம் டாலர் செலவு. தவறு தெரிந்தவுடன் சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பினாலே எண்ணெய் உள்ளே ஏறும். வண்டியைத் தள்ளி ஓரங்கட்டித் தொட்டியை வடித்துவிட்டால் தப்பலாம். வடமாகாணங்களில் கடுங்குளிர் வந்தால் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். அங்கே குளிர்காலத்திற்கென்று இலகுவான டீசல் விற்கப்படுகிறது. இரவில் எஞ்சினுக்கு மின்சாரச் சூடு வைப்பதும் வழக்கம்.

பெட்ரோலை விட்டு டீசலுக்கு வரும் பண்ணையாளருக்கு மற்றொரு சோதனை வீட்டிலேயே காத்திருக்கிறது. டிராக்டர் முதலிய வயல் யந்திரங்களுக்கான டீசலுக்குச் சாலைத் தீர்வை இல்லை. மத்திய அரசின் தீர்வை மாத்திரம் காலனுக்கு 24.4 சென்ட், மாகாணத் தீர்வை வேறு. தீர்வையில்லாத எண்ணெய் அடையாளத்திற்காகச் சிவப்புச் சாயம் கலந்து விற்கப்படுகிறது. கொட்டகைத் தொட்டியிலிருந்து அதையே லாரிக்கும் ஊற்றிக்கொள்ளும் ஆசை எவருக்கும் எழும். சாலையில் அதிகாரிகள் தொட்டியில் குழாய் விட்டு எண்ணெய் எடுத்துப் பார்க்கிறார்கள். சாயம் கண்டால் ஆயிரம் டாலர், அல்லது காலனுக்குப் பத்து டாலர் வீதம், இவற்றில் எது அதிகமோ அது அபராதம். மறுமுறை அகப்பட்டால் இன்னும் கூடும். ஒரு முறை ஊற்றிய சாயம், அதன்மேல் பல தடவை வெள்ளை எண்ணெய் நிரப்பிய பின்னும், சிறிது நாள் தொட்டியில் தங்கியிருக்கும்.