நகரின் நீரும் நமுனுகுல மலையும்

பதுளைக்குத் தென்கிழக்கே நிற்கும் நமுனுகுல என்னும் மலையின் பெயர், சிங்களத்தில் ஒன்பது கொடுமுடிகள் எனப் பொருள்படும். கடல்மட்டத்திலிருந்து 2,036 மீற்றர் உயர்ந்த இம்மலையில் பெய்யும் மழை யாவும் ஒரே வழியாகச் செல்வதில்லை. மேற்குச் சரிவில் விழுவது ஓடைகளாய்ப் பதுளை ஓயாவைச் சேர்ந்து, துன்ஹிந்தையில் 64 மீற்றர் ஆழத்துக்கு அருவியாக வீழ்ந்து, பின்னர் மகாவலியோடு கலக்கின்றது. மறுபுறத்து நீர் மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்து அடியார்களை நீராட்டுகின்றது.

மலைநாட்டாருக்கு நீரில் என்ன குறை என்று சமவெளியில் வாழ்வோர் எண்ணுவதுண்டு. அவர்கள் குழாய் பதிக்கும் பொறியியலாளரைக் கேட்டறிதல் நன்று. நீர் நிற்கும் உயரம் பத்து மீற்றராயின், அது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்தோடு அழுத்தும். முந்நூறு மீற்றர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து நேரே குழாய் இறக்கினால் முப்பது கிலோகிராம் அழுத்தம் வரும். வீட்டுக் குழாயின் திருகு அதைத் தாங்காது. ஆதலின் சரிவின் இடையிடையே அழுத்தந் தணிக்கும் தொட்டிகளை அமைக்கின்றனர். காற்றுப் படும்படி திறந்த தொட்டியில் விழுந்தவுடன் நீர் தன் வேகத்தை இழந்து, அங்கிருந்து புதிதாக இறங்கத் தொடங்கும்.

அடுத்த தொல்லை கலங்கல். வடகீழ்ப் பருவமழை ஓரிரவு அடித்துப் பெய்தால், முன்னாள் தெளிந்திருந்த ஓடை மறுநாட் காலையில் பால் கலந்த தேநீர் நிறங்கொள்ளும். இந்த மண்துகள்கள் மிக நுண்ணியவை. நாட்கணக்கில் விட்டாலும் அடியில் தங்கா. ஆகவே படிகாரம் கலந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்து, தொட்டியில் படியவிட்டு, மணற்படுக்கையினூடு வடிக்கின்றனர். படிகாரம் எவ்வளவு என்பது அன்றன்றைய கலங்கலைப் பொறுத்தது. சில கண்ணாடிக் குடுவைகளில் வெவ்வேறு அளவிட்டுக் கலக்கிப் பார்த்தே சுத்திகரிப்பு நிலையத்தார் அதை முடிவு செய்வர். வீட்டிலே சோற்றுக்கு உப்புப் பார்ப்பது போன்ற வேலைதான். பிழைத்தாலோ ஊர் முழுவதும் குடிக்க வேண்டியிருக்கும்.

இறுதியில் சேர்ப்பது குளோரின். அதன் வாடை பிடிக்கவில்லை எனச் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. கடைசி வீட்டுக் குழாயிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வழியில் குழாய் விரிந்து சாக்கடை நீர் கசிந்து புகுந்தால், அந்த எச்சமே காவல்.

1975 ஆம் ஆண்டு முதல் இயங்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இவ்வித வேலைகளை நாடெங்கும் செய்து வருகின்றது. ஆயினும் நீரைச் சுத்தஞ் செய்வதிலும் அழுக்காகாமற் காப்பது மலிவானது. கொழும்புக்கு இது வாய்த்தது. 1886 இல் நிறைவேறிய லபுகம நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டில் குடியிருப்புக்கு இடமில்லை. ஊவாவுக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. கோப்பிக்காகக் காடுகள் அழிந்தன. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி வீழ்ந்தபின் தேயிலை வந்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று தாவரவியல் அறிஞர் ஹூக்கர் 1873 இல் எடுத்துரைத்தார். உயர்ந்த முகடுகளில் இன்றும் பசுங்காடு எஞ்சியிருப்பதற்கு அவ்வெச்சரிக்கையும் ஒரு காரணமாம்.

செழித்து அடர்ந்த தேயிலை மண்ணை ஓரளவு மூடிக் காக்கும். பழஞ்செடி பிடுங்கி மறுநடுகை செய்யும் காலத்திலும், செடி பட்டுப்போன வெற்றிடங்களிலும் மண் கரைந்தோடும். தோட்டங்களில் கான் வெட்டுவது இதற்காகவே. சரிவுக்குக் குறுக்காக, மிக மெல்லிய சாய்வில் வெட்டிய கான், ஓடும் நீரை நடக்கச் செய்கின்றது. 1951 ஆம் ஆண்டின் மண்பாதுகாப்புச் சட்டம் இத்தகைய காப்பு வேலைகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் மழையில் நனைந்து கானை வெட்டித் தூரெடுத்த தொழிலாளியின் கை இல்லையேல் சட்டத்தால் ஆவது ஒன்றுமில்லை.

அத்தொழிலாளியின் குடும்பம் குடிக்கும் நீர் யாது? லயங்களிற் பலவற்றுக்கு மேலேயுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியே பீலிக்கு வரும் நீர். அதற்குப் படிகாரமுமில்லை, குளோரினுமில்லை. ஊற்றுக்கு மேலே தேயிலைக்கு உரமும் மருந்தும் இடப்பட்டிருக்கலாம். மலகூடக் குழியும் இருக்கலாம். நகரத்தார் ஓடையின் கீழ்முனையில் அதை வடித்துக் காய்ச்சிப் பருகுகின்றனர். மேல்முனையில் இருப்போருக்கு நல்ல மலகூடமும் காப்பிட்ட ஊற்றும் அமைத்தல் தருமம் என்று பேசப்படுகிறது. நகரின் நீர்க்கணக்கிலும் அது சேரவேண்டிய செலவேயாகும்.

கண்ணுக்குப் புலப்படாத நிலத்தடி நீருக்கும் காவல் வேண்டும் என்பதைப் பண்டாரவளைப் பகுதி மக்கள் நன்கறிவர். உமா ஓயாவின் நீரைத் தெற்கே திருப்பும் சுரங்கத்தைக் குடையும்போது, 2014 டிசம்பரிலிருந்து பாறை வெடிப்புகள் வழியே நிலத்தடி நீர் உட்புகுந்தது. மேலே ஊற்றுகள் அற்றன, கிணறுகள் வறண்டன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. கிணற்றை நம்பியிருந்தவர்கள் வாளிகளோடு பவுசர் வரும் நேரம் பார்த்துத் தெருவோரத்தில் நிற்கலாயினர். வெடிப்புகளைச் சீமெந்துக் கலவையால் அடைத்துப் பணி தொடர்ந்தது. 120 மெகாவாற்று மின்சாரம் தரும் அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது.