நடுவதற்கு முன் மண், பறிப்பதற்கு முன் பொறுமை

மலையகத்தில் இன்று சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்போர் பலர். அதற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதியை அரசாங்கம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. ஆனால் பாதிப்பு அத்துடன் நிற்கவில்லை. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக இறங்கியது. பொருளாதார நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு. மலையில் கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். கொழும்பில் எடுத்த முடிவின் சுமை லயத்து அடுப்படி வரை வந்து சேர்ந்தது.

இதிலிருந்து "சேதனப் பசளை மலையகத்துக்குச் சரிவராது" என்று முடிவு கட்டுவது தவறு. தவறிப்போனது அவசரம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்குதான் நைதரசன். ஆகவே ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு செய்ய ஒன்றரை முதல் இரண்டேகால் தொன் வரை கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதி மட்டுமே முதல் வருடத்தில் பயிருக்குக் கிடைக்கும். ஒரு தோட்டம் முழுவதற்கும் இவ்வளவு எருவை ஒரே பருவத்தில் எங்கிருந்து கொண்டுவருவது?

லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியின் கணக்கு வேறு. 2 பேர்ச் நிலம் என்பது ஏறத்தாழ 50 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 2 முதல் 3 கிலோ வீதம் போட்டால், ஒரு போகத்துக்கு 100 முதல் 150 கிலோ கூட்டெரு போதும். ஒரு பசுவை வளர்க்கும் குடும்பத்துக்கு இது கைக்கெட்டாத அளவல்ல. எனவே சேதனச் செய்கையைத் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

இச்செய்கையின் வெற்றி இரண்டு வேளைகளில் தீர்மானிக்கப்படுகிறது. ஒன்று, நடுவதற்கு முந்திய மாதங்கள். மற்றது, பறிப்பதற்கு முந்திய வாரங்கள்.

முதலில் மண்

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். அமில காரக் குறியீடு 4.5 இலிருந்து 5.5 வரை இருந்தால் அதற்குத் திருப்தி. பெரும்பாலான மரக்கறிகளுக்கு 6 இலிருந்து 6.5 வரை வேண்டும். பழைய தேயிலை மண்ணில் எவ்வளவு எரு போட்டும் கோவா தேறவில்லை என்று முறையிடுவோர் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியரின் உதவியுடன் மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவு டொலமைற்றை நடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். கோவாவின் வேர் வீங்கி முடிச்சு விழும் நோயும் புளிப்பு குறைந்த மண்ணில் குறையும். ஆனால் உருளைக்கிழங்குப் பாத்திக்கு அதே அளவு டொலமைற் போடாதீர்கள். புளிப்பு குறைந்த மண்ணில் கிழங்கின் தோலில் சொறி கூடுதலாக வரும்.

அடுத்தது கூட்டெரு. மாட்டுச்சாணம், மானாப் புல், சமையலறைக் கழிவு, வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தி ஆகிய யாவும் நமக்குக் காசில்லாமல் கிடைப்பவை. பாதையோரம் மஞ்சள் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியின் தழையில் நைதரசன் நிறைய உண்டு. அது வேகமாக உக்கும். பச்சைத் தழையையும் காய்ந்த புல்லையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே சாணம் கரைத்த நீரைத் தெளியுங்கள். குவியல் ஒரு மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் உயரமுமாவது இருக்க வேண்டும். அதிலும் சிறியது சூடு பிடிக்காது. நுவரெலியாக் குளிரில் இது மிக முக்கியம். குவியலின் நடுவில் 55 பாகைக்கு மேல் வெப்பம் சில நாட்கள் நின்றால்தான் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் சாகும். இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி வைத்து, சற்று நேரத்தின் பின் எடுத்துத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். சூடு தணிந்ததும் புரட்டிப் போடுங்கள். மழையில் சத்துக் கரைந்து ஓடாதபடி மூடி வையுங்கள். குளிர்ப் பிரதேசத்தில் மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். மண் வாசனை வந்தால் எரு தயார்.

சரிவில் பாத்தியைக் குறுக்காகவே வெட்ட வேண்டும். மேலிருந்து கீழாக வெட்டிய பாத்தியில் நீங்கள் போட்ட எரு தென்மேல் பருவமழையோடு ஓடைக்குப் போய்விடும்.

லூக்கா நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளியோ, சுற்றிலும் கொத்தி எருப்போட இன்னும் ஓராண்டு தரும்படி கேட்கிறார். மண்ணோடு பழகியவரின் வேண்டுகோள் அது. 2021 இல் நம் நாட்டில் எவரும் அந்த ஓராண்டைக் கொடுக்கவில்லை.

பிறகு கடைசி வாரங்கள்

பயிர் வளரும்போது ஊட்டம் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது நிறுத்துவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

கீரை, சலாது, கோவா போன்றவை நைதரசனை நைத்திரேற்று வடிவில் உறிஞ்சுகின்றன. வெயிலின் உதவியால் அதைப் புரதமாக்குகின்றன. பனிமூட்டமும் மழையும் தொடரும் நாட்களில் அந்த வேலை மந்தமாகும். நைத்திரேற்று இலையிலேயே தேங்கிவிடும். அது அளவு மிஞ்சினால், குறிப்பாக ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தீங்கு. ஆகவே பறிப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நைதரசன் ஊட்டத்தை நிறுத்துங்கள். யூரியாவுக்கு மட்டுமல்ல, கோழி எருவுக்கும் சாணக் கரைசலுக்கும் இது பொருந்தும். வீட்டுக்கு வேண்டிய கீரையை, வெயில் பட்ட நாளில், மாலை வேளையில் பறிப்பது நல்லது.

பச்சைச் சாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணில் படும் கரட், சலாது போன்றவற்றுக்குப் பச்சை எரு இட்டால், அதற்கும் அறுவடைக்கும் இடையில் 120 நாட்கள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சேதன விவசாய விதி. நன்கு உக்கிய எருவே பாதுகாப்பானது. பச்சைச் சாணத்தில் கரட் கவர்விட்டு வளர்வதையும் பலர் கண்டிருப்பீர்கள்.

உருளைக்கிழங்குக்கு முடிவு வேறு விதம். இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் நீரைக் குறையுங்கள். பின் செடியின் மேற்பாகத்தை வெட்டி அகற்றி, ஏறத்தாழ இரண்டு வாரம் கிழங்கை மண்ணிலேயே விடுங்கள். தோல் இறுகும், வெளிறல் நோயின் வித்துகள் இலையிலிருந்து கிழங்குக்கு இறங்குவதும் குறையும். பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் உரியாவிட்டால் கிண்டலாம். கோவாவும் கரட்டும் இதற்கு மாறானவை. அவற்றைக் காயவிட்டுப் பிறகு நிறைய நீர் கட்டினால் வெடித்துவிடும். கடைசி வரை ஒரே அளவு ஈரம் வேண்டும்.

பறிப்பதற்கு முன் நிறைய நீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டால் போட்டதெல்லாம் போய்விடும் என்று எண்ணாதீர்கள். உக்கிய எருவிலுள்ள சத்து மண்ணோடு பிணைந்தது, இலகுவில் கழுவுப்படாது. கழுவிச் செல்லும் நைத்திரேற்றோ கீழேயுள்ள பீலித் தண்ணீரிலும் ஓயாவிலும் சேரும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் நம்மவர்களே.

இரண்டு பாத்திகள்

நம் ஊர்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு பாத்தி, சந்தைக்கு ஒரு பாத்தி. வீட்டுப் பாத்திக்கு மருந்து கிடையாது. சந்தைப் பாத்திக்கு, லொறி வருவதற்கு முதல் நாளும் மருந்து அடிக்கப்படும். விலை நல்லதாய் இருக்கையில் ஒரு வாரம் தாமதிப்பது கஷ்டம்தான். கடன் வாங்கிப் பயிரிட்டவருக்கு ஒரு வாரத்தின் பெறுமதி என்ன என்பதை நாம் அறிவோம். ஆயினும் மருந்துப் போத்தலில், அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று குறிப்பிட்டிருக்கிறது. அந்த நாட்கள் நாம் முகம் காணாத ஒரு பிள்ளையின் பாதுகாப்புக்காக எழுதப்பட்டவை. வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது பிறர் பிள்ளைக்கு எப்படி ஆகும்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட லவுதாத்தோ சி சுற்றுமடல், பூமியின் நலனையும் ஏழைகளின் நலனையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று வற்புறுத்துவது இதனால்தான்.

தனியாளால் ஒரு வாரம் தாங்க முடியாது. ஐந்தாறு குடும்பங்கள் ஒன்று சேர்ந்தால் முடியும். வெவ்வேறு வாரங்களில் நட்டு, வெவ்வேறு வாரங்களில் பறித்தால், ஒருவர் காத்திருக்கும்போது மற்றவரிடம் விற்பதற்கு இருக்கும். கூட்டெருக் குழியையும் பொதுவாகவே வைத்துக்கொள்ளலாம். மாதர் சங்கங்களும் பங்கின் இளைஞர் குழுக்களும் இதை முன்னின்று செய்யலாம். முதல் போகத்திலேயே யூரியாவை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. ஒரு பாத்தியில் தொடங்குங்கள். பறித்ததை நிறுத்துக் கணக்கெழுதுங்கள். அடுத்த போகத்தில் இரண்டாவது பாத்திக்குப் போகலாமா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.