பெயரறியாப் பனையின் லட்சணங்கள்

ரோஜாப் பதியன் வாங்கலாமென்று நாற்றுப் பண்ணைக்குப் போகிறவர்கள், நிழல்வலையின் கீழே வரிசையாக நிற்கும் அலங்காரப் பனைகளின் வசீகரத்தில் மனம் பறிகொடுத்து, அவற்றில் ஒன்றைப் பெயர்கூட விசாரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது எங்கும் நடக்கிற காரியம். பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,500 இனங்கள் உண்டு. அவற்றுள் எது நம் தொட்டியில் நிற்கிறதென்று அறியாமலே அதை மண்ணில் இறக்குவது செடிக்கும் நியாயமன்று, நமக்கும் நியாயமன்று. கன்றுப் பருவத்தில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டில் ஒன்று பல்லாண்டுகள் தாழ்வாரத்திலேயே அடங்கியிருக்க, மற்றொன்று கியூபா தேசத்து ராஜபனையாக இருந்து, 60 அடிக்கு மேல் ஓங்கி, கனத்த மட்டைகளை மின்கம்பியின்மீது உதிர்க்கக்கூடும். ஒற்றைத்தண்டுப் பனைக்கு உயிர் அதன் குருத்திலே இருப்பதால், மாமரத்தைப்போல் தலையை வெட்டிப் பின்னர் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

வாங்கியது பனைதானா என்பது முதல் கேள்வி. விசிறி வாழை வாழைக்கு நெருங்கிய உறவு; சைக்கஸ் பூவே பூக்காத புராதன வர்க்கம். இவ்விரண்டையும் விலக்கியபின் ஓலையைப் பார்க்க வேண்டும்.

நடுத்தண்டின் இருபுறமும் இறகுபோல் ஓலைகள் விரியும் பனைகளில், ஓலை தண்டோடு சேரும் இடத்து மடிப்பே, என் எண்ணத்தில், மற்றெல்லா அடையாளங்களையும்விட நம்பத் தகுந்த சாட்சி. ஈர்க்கு முகடாக மேலே நிற்க, இருபக்கமும் கூரையைப்போல் கீழே சரிந்திருந்தால், அது தென்னை, கமுகு முதலியவற்றின் பெருங்கிளையைச் சேர்ந்தது. அதற்கு மாறாக ஈர்க்கு அடியில் தாழ்ந்து, ஓலை மேல்நோக்கித் திறந்திருந்தால், ஈச்சையையோ கூந்தற்பனையையோ நினைக்கலாம். ஈச்சையானால் மட்டையின் அடிப்புறத்து ஓலைகள் முட்களாக மாறியிருப்பதைக் கை உடனே உணரும். உரமும் வெயிலும் ஓலையின் நிறத்தையும் நீளத்தையும் மாற்றிவிடும். இம்மடிப்பை மாற்றும் சக்தி அவற்றுக்கு இல்லை.

அடுத்தது மட்டையின் அடி. தென்னையில் அது பன்னாடையாக நார்நாராகப் பிரிகிறது; கமுகிலோ, பாக்குமட்டைத் தட்டுச் செய்கிறார்களே, அந்த அகன்ற உறை ஒன்றையொன்று தழுவி வழவழப்பான பச்சைத் தூணாக நிற்கிறது. ராஜபனைக்கும் இத்தூண் உண்டு. பண்ணைகளில் 'அரிகா' என்று விற்கப்படுவதற்கும் உண்டு. ஆயினும் அது கமுகு இனமன்று, மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. வேரடியிலிருந்து பல தண்டுகள் புதராகக் கிளம்புவதும், மட்டைகள் வெயிலில் மஞ்சள் பூப்பதும் அதன் லட்சணங்கள்.

நரிவால் பனை இவற்றினும் சிரமம் தருவது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கேப் மெல்வில் பாறைக் குன்றுகளில் மட்டும் இயற்கையாக வளர்ந்து, 1983ஆம் ஆண்டில்தான் சாஸ்திரப் பெயர் பெற்ற இம்மரத்தின் ஓலைகள் வளர்ந்தபின் தண்டைச் சுற்றி எல்லாத் திசையிலும் சிலிர்த்து நிற்கும். இளங்கன்றிலோ அந்த அழகு இன்னும் வெளிப்பட்டிராது. ஓலை நுனி கிழிந்தாற்போல் இருப்பதைக் கண்டு சிலர் இதைக் கூந்தற்பனை என்றும் கருதிவிடுவார்கள். மடிப்பைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். அன்றியும், கூந்தற்பனை இனத்தில் மட்டுமே ஓலை ஒருமுறை பிரிந்தபின் மறுமுறையும் பிரிந்து, மீன்வால் வடிவான சிறு துண்டுகளாகத் தொங்குகிறது.

இலங்கையில் கித்துள் கருப்பட்டிக்காகப் போற்றப்படும் அந்தக் கூந்தற்பனைதான் தொட்டியில் இருப்பதென்று உறுதியானால், குழந்தைகள் விளையாடும் முற்றத்தை விட்டு விலகி நடுவது உசிதம். பழத்தின் சதை தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும். முதற்பாளை உச்சியில் தோன்றி, அடுத்தடுத்த பாளைகள் கீழ்நோக்கி வந்து, கடைசிக் குலையும் பழுத்தபின் மரம் பட்டுப்போவது அதன் இயல்பேயன்றி நோயன்று. ஆகையால் பூக்கத் தொடங்கிய ஆண்டிலேயே வேறோரிடத்தில் மறுகன்று ஒன்றை நட்டுவிட வேண்டும்.