மண்ணீரலுக்கும் ஒரு நியாயம்

இரைப்பைக்குப் பின்னே முதுகெலும்பின் குறுக்காகக் கிடக்கும் கணையம், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமே உடையதாயினும், உணவைச் செரிப்பிக்கும் நீரையும் சர்க்கரையை ஆளும் இன்சுலினையும் ஒருங்கே சுரப்பதாகலின், அதன்மீது கத்தி வைப்பதற்குச் சத்திர வைத்தியர்கள் நெடுங்காலம் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. தைத்த இடத்தில் சிறிது கசிவு ஏற்பட்டாலும், அந்த நீர் அக்கம்பக்கத்துத் திசுக்களையே அரிக்கத் தொடங்கிவிடும்.

கணையத்தின் தலைப்பாகத்தை முன்சிறுகுடலோடு சேர்த்து அகற்றும் மகா சிகிச்சையை 1909-இல் பெர்லினில் வால்தர் கவுஷ் செய்தார். 1935-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் அதைப் பிரசித்தமாக்கினார். வாற்பாகத்தில் கட்டி தோன்றினாலோ, காரியம் சுலபமென்று கருதி, வாலோடு மண்ணீரலையும் எடுத்தெறிவதே வழக்கமாயிற்று. மண்ணீரல் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. அதற்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டியும், சிரை அதன் பின்புறத்தில் பதிந்தும் ஓடுவதே மண்ணீரலின் துரதிர்ஷ்டம். போனால் போகட்டும் என்று கைவிடத்தக்க அவயவமன்று அது என்பதை, மண்ணீரலை இழந்த சிசுக்களுக்குக் கொடிய தொற்று நேர்ந்ததை 1952-இல் எடுத்துரைத்த அமெரிக்க வைத்தியர்களான கிங்கும் ஷூமாக்கரும் உலகுக்கு உணர்த்தினர்.

அதைக் காப்பாற்ற இரண்டு மார்க்கங்கள் பிறந்தன. 1988-இல் பாஸ்டன் நகரத்து ஆண்ட்ரூ வார்ஷா, அந்தத் தமனியையும் சிரையையும் கணையத்தோடு துண்டித்துவிட்டு, இரைப்பையின் ஓரத்திலிருந்து மண்ணீரலுக்குச் செல்லும் குட்டையான நாளங்களை மட்டும் நம்பி அதை வாழவிட்டார். 1996-இல் ஜப்பானியரான வட்டாரு கிமுரா விவரித்த முறையிலோ, பலாச்சுளையைப் பற்றிய நாரைப்போல் கணையத்தைப் பற்றியிருக்கும் நுண்ணிய கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி அறுத்து, பெருநாளங்கள் இரண்டையும் முழுமையாக மீட்க வேண்டும். வார்ஷாவின் வழி விரைவானது. ஆனால் மண்ணீரலின் ஒரு பகுதி ரத்தமின்றி வாடிவிடுவதுண்டு. பொறுமையும் இடமும் வாய்க்குமாயின் கிமுராவின் வழியே மேலானது என்பது என் அபிப்பிராயம்.

வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச்செய்து, சிறு துளைகள் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்பராஸ்கோப்பி முறை இவ்வேலைக்குப் பெருந்துணையாயிற்று. திரையில் பெரிதாகத் தெரியும் சிறு கிளைகள் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது அரிது. வாற்பாகச் சிகிச்சையை இவ்வாறு செய்தபோது, நோயாளிகள் 6 நாளுக்குப் பதில் 4 நாளிலேயே நடமாடும் நிலைக்கு மீண்டனர் என்று 2019-இல் வெளியான நெதர்லாந்துப் பரீட்சை காட்டியது. இன்சுலினை அளவின்றிச் சுரந்து நோயாளியை மயங்கி விழச்செய்யும் சிறு கட்டியாயின், அதை மட்டும் தோண்டியெடுத்துக் கணையம் முழுவதையும் விட்டுவிடலாம். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட அதே டொரண்டோவில், 1929-இலேயே ராஸ்கோ கிரஹாம் அத்தகைய கட்டியொன்றை அகற்றிக் குணப்படுத்தினார்!

ஆனால் மண்ணீரலை விட்டுவைக்கும் சலுகை எல்லாக் கட்டிகளுக்கும் பொருந்தாது. புற்றுநோய் என்று உறுதியானால், சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்ற வேண்டியிருப்பதால், மண்ணீரலுக்கு இரங்குவது நோயாளிக்கே துரோகமாக முடியலாம். தலைப்பாகத்திலோ துளைவழிச் சிகிச்சை இன்னும் கடினமானது: கோயம்புத்தூரில் பழனிவேலு குழுவினர் 64 நோயாளிகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட பரீட்சையில் ஆஸ்பத்திரிவாசம் 13 நாளிலிருந்து 7 நாளாகக் குறைந்தது, நெதர்லாந்தில் நடந்த மற்றொரு பரீட்சையோ, துளைவழிப் பிரிவில் 50 பேரில் ஐவரும், திறந்த முறையில் 49 பேரில் ஒருவரும் சிக்கல்களால் இறந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே, இத்தகைய சிகிச்சையை நாடுவோர், துளை எத்தனை சிறியது என்பதை விட, அவ்விடத்தில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு அதைச் செய்கிறார்கள் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். மண்ணீரலை இழக்க நேர்ந்தவர்கள் நியுமோகாக்கஸ் முதலிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளைத் தவறாது போட்டுக்கொண்டு, காய்ச்சல் கண்ட அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.